கிராண்ட் ஜூரி முன்பு சொன்ன சாட்சியத்துக்கு நகல் கிடைக்குமா?

கேள்வி: நியூஜெர்சியில் நான் வேலை பார்த்த நிறுவனத்தின் விசா மோசடி பற்றி ஃபெடரல் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று ரகசியமாகப் பார்க்கும் பொதுமக்கள் குழு) முன்பு சாட்சி சொன்னேன். இப்போது சம்பள பாக்கி கேட்டு அதே நிறுவனத்தின் மேல் சிவில் வழக்கு போட்டிருக்கிறேன். அன்று சொன்னதன் நகல் கிடைக்குமா? பழைய மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அழித்துவிடலாமா?

பதில்: எதையும் அழிக்காதீர்கள், முதலில் அது. விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் ஃபெடரல் சட்டத்தில் 20 வருடம் வரை சிறை உண்டு. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லைதான், ஆனால் அதை அப்புறம் நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டாமே. வாட்ஸ்அப்பில் தானாக மறையும் வசதி இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சரி, நகல். கிரிமினல் நடைமுறை விதி 6(இ)-யின்படி சாட்சியம் பதிவாகியிருக்கும், கோர்ட் வேறு உத்தரவு போடாதவரை அது அரசு வக்கீலின் கையில்தான் இருக்கும். அதனால் கிராண்ட் ஜூரி கூடிய மாவட்டத்தின் ஃபெடரல் கோர்ட்டில் மனு போட வேண்டும், அரசுக்கும் அந்த மனுவின் நகல் போக வேண்டும். 1979-இல் டக்ளஸ் ஆயில் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வைத்த அளவுகோலைத்தான் நீதிபதி பார்ப்பார்: இது இல்லாவிட்டால் உங்கள் இன்னொரு வழக்கில் அநியாயம் நடக்குமா, அந்தத் தேவை ரகசியத்தைவிடப் பெரியதா, தேவையானதை மட்டும்தான் கேட்கிறீர்களா. 'மொத்தமாகக் கொடுங்கள்' என்று கேட்டால் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். எந்தத் தேதி, எந்தச் சம்பளம், எந்தக் கேள்வி என்று குறிப்பாக எழுதுங்கள்.

ஆனால் எனக்குத் தோன்றுவது, இந்த நகல் உங்களுக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். கைவசம் உள்ள பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), வங்கி ஸ்டேட்மென்ட், மெயில் எல்லாம் கிராண்ட் ஜூரிக்குப் போனதாலேயே ரகசியம் ஆகிவிடாது, தாராளமாக சிவில் வழக்கில் தாக்கல் செய்யலாம். ரகசியம் காக்க விதி கட்டாயப்படுத்துவது ஜூரர்களையும் அரசு வக்கீலையும் பதிவு செய்பவரையும் போன்றவர்களைத்தான். அந்தப் பட்டியலில் சாட்சி கிடையாது. நம்மவர்கள் பலர் பயந்துபோய் சொந்த வக்கீலிடம்கூட வாய் திறப்பதில்லை, தயவுசெய்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அவரிடம் இதையும் கேளுங்கள்: நிறுவனத்தின் மேல் கிரிமினல் விசாரணை நடந்து நீங்கள் அங்கே அரசுத் தரப்பு சாட்சியாக ஏறினால், அன்று கிராண்ட் ஜூரியில் பேசியது எதிர்த்தரப்பு கைக்குப் போகும். சிவில் டெபசிஷனில் (கோர்ட் விசாரணைக்கு முன் சத்தியம் செய்து சொல்லும் வாக்குமூலம்) ஒரு தேதியோ தொகையோ மாறினாலும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நினைவில் இல்லாததை 'நினைவில் இல்லை' என்றே சொல்லுங்கள்.