தாளம் தெரிந்த ரசிகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகி பேட்ஸி க்ளைன் பற்றிய இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். அவர் பாடியதெல்லாம் இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. அப்படியிருக்க, வேறொருவர் விக் வைத்துக்கொண்டு அதே குரலில் பாடுவதை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? நம்மூர் மெல்லிசைக் கச்சேரிகளில் டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அச்சு அசலாக இருந்தால் கைதட்டுவோம், அதோடு சரி. இதை நாடகம் என்று சொல்லலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்தது. மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்குப் போயிருந்த சமயத்தில், அந்த ஊர் அரங்குக்கு ஒரு சுற்றுப்பயணக் குழு 'ஆல்வேஸ்... பேட்ஸி க்ளைன்' நாடகத்தைக் கொண்டுவந்திருந்தது. பாட்டுக் கேட்கலாம் என்றுதான் போனேன். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பேட்ஸியாகப் பாடியவர் இல்லை, லூயிஸாக நடித்த பெண்.

மேடையில் நடிகைகள் இரண்டே பேர், பின்னால் ஒரு சிறு வாத்தியக் குழு. ஒருத்தி பேட்ஸி. இன்னொருத்தி லூயிஸ் செகர் என்ற ரசிகை. கற்பனைப் பாத்திரம் இல்லை, ஹூஸ்டனில் நிஜமாகவே வாழ்ந்தவர். கணவரைப் பிரிந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். 1957இல் ஆர்தர் காட்ஃப்ரியின் டிவி நிகழ்ச்சியில் பேட்ஸி பாடியதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. உள்ளூர் வானொலிக்காரருக்குப் போன் போட்டு அந்தப் பாட்டைப் போடச் சொல்லி நச்சரிப்பார். 1961இல் பேட்ஸி ஹூஸ்டனில் எஸ்கொயர் பால்ரூம் என்ற நடன அரங்குக்குப் பாட வருகிறார். லூயிஸ் ரொம்ப முன்னாடியே போய்விடுகிறார். கூட்டம் இன்னும் சேரவில்லை. பேட்ஸி தனியாக உள்ளே வருகிறார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள்.

அன்று வாசிக்க இருந்தது அந்த ஊர்க் குழு. டிரம்மர் வேகமாக ஓட்டிவிடுவாரோ என்று பேட்ஸிக்குக் கவலை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு லூயிஸிடம் வருகிறது. மேடையே ஏறிப் பழகாத ஒரு பெண்ணிடம்! ஆனால் அந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவர் அவர். எந்தப் பாட்டு எந்த நடையில் போக வேண்டும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கிறது. நான் பார்த்த அன்று, லூயிஸாக நடித்தவர் டிரம்மருக்கு நேர் எதிரே போய் நின்றார். உள்ளங்கையைக் கவிழ்த்து, அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் காற்றைத் தட்டினார். குச்சிகள் மெல்ல அடங்கின. பாட்டு தன் நடைக்கு வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இசைத்தட்டில் பேட்ஸியின் குரல் இருக்கிறது, கே. லூயிஸின் கை அதில் இல்லை. அந்தக் குரல் ஒருத்தியின் வீட்டுக்குள், சமையல்கட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதை மேடையில்தான் பார்க்க முடிந்தது.

கச்சேரி முடிந்ததும் லூயிஸ் பேட்ஸியைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறார். நடுராத்திரியில் முட்டையும் பேக்கன் என்ற பன்றி இறைச்சியும். விடிய விடியப் பேச்சு. அப்புறம் கடிதங்கள். பேட்ஸி கடிதத்தை முடித்துக் கையெழுத்திட்ட விதத்திலிருந்து வந்ததுதான் அந்த 'ஆல்வேஸ்'. என்றும் உங்கள் என்று நாம் எழுதுவோமே, அதுபோல. டெட் ஸ்விண்ட்லி இதை நாடகமாக்கி 1988இல் ஹூஸ்டனில் அரங்கேற்றினார். 1994இல் நாஷ்வில் ரைமன் அரங்கிலும் நடந்தது. பேட்ஸி நின்று பாடிய அதே மேடை அது.

குறையும் உண்டு. இரண்டாம் பாதியில் பாட்டுக்கு மேல் பாட்டாக அடுக்குகிறார்கள், கதை நின்றுவிடுகிறது. பேட்ஸியின் கஷ்ட ஜீவனத்துக்கும் அதிக இடமில்லை. பள்ளியை விட்டு மருந்துக்கடை சோடாக் கவுண்டரில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய மேடை உடுப்புகளை அம்மா ஹில்டாதான் கையால் தைத்துக் கொடுத்தார். அந்த அம்மாவை இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

அச்சு அசலாக இருந்தால் கைதட்டுவோம், அதோடு சரி என்றீர்கள். 'க்ரேஸி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லி நெல்சன் எழுதியது. 1961 ஜூனில் கார் விபத்தில் பேட்ஸியின் நெற்றி கிழிந்தது. ஆகஸ்டில் ஊன்றுகோலோடு பதிவுக்கு வந்தார். 3 மணி நேரத்தில் 3, 4 பாட்டுகளை முடித்துவிடும் காலம் அது. அன்று ஒரு பாட்டுக்கே நேரம் போதவில்லை. விலா வலியில் மேல் ஸ்வரங்களைப் பிடிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி இசையை மட்டும் பதிந்துகொண்டார். சில வாரம் கழித்து வந்து ஒரே மூச்சில் பாடிக் கொடுத்தார் பேட்ஸி. இதை மேடையில் பாடுகிறவர் குரலை மட்டும் நகல் எடுத்தால் பாட்டு செத்துவிடும். ஓஹையோவில் பாடியவர் குரல் பேட்ஸியின் குரலைவிட மெல்லியது. ஆனால் மூச்சை எங்கே விட வேண்டும், எந்தச் சொல்லில் குரல் லேசாக உடைய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது குரலை மட்டும் பழகி வருவதில்லை.

1963 மார்ச் 5 அன்று டென்னசியில் கேம்டன் அருகே விமானம் விழுந்து பேட்ஸி இறந்தார். வயது 30. நாடகம் விபத்தைக் காட்டுவதில்லை. செய்தி லூயிஸிடம் வருகிறது, அவ்வளவுதான். என் பக்கத்து இருக்கைப் பாட்டி அதுவரை ஒவ்வொரு பாட்டுக்கும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் உதட்டை மூடிக்கொண்டார். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி அசைய ஆரம்பித்தது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி 'க்ரேஸி'யைப் போட்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் கால் தரையைத் தொட்ட பிறகுதான் சில சொற்கள் வரும். எந்தெந்தச் சொற்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.