வாசகர் கேள்வி–பதில்: கட்டணமில்லாமல் பாரிசைப் பார்க்க கார்னவலே

கே: ஜூனில் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். கார்னவலே அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது என்கிறார்கள். ஆனால் இணையத்தில் சிலர் டிக்கெட் விற்கிறார்களே? – வாசகி, கோயம்புத்தூர்

ப: கார்னவலே பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். அதன் நிரந்தரக் காட்சிக் கூடங்கள் எல்லோருக்கும் இலவசம். எந்த நாட்டவர், என்ன வயது என்ற பேதம் இல்லை. தனியாகவோ குடும்பமாகவோ போகிறவர்கள் முன்பதிவு செய்யவும் வேண்டாம். பாரிஸ் மாநகராட்சி தன் அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை 2001 முதல் இப்படித்தான் திறந்து வைத்திருக்கிறது. அவ்வப்போது நடக்கும் தற்காலிகக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. வெளித் தளங்களில் விற்பவை பெரும்பாலும் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் ஏற்பாடுகள். உள்ளே நுழைய அவை தேவையில்லை. வாசலில் வரிசை நின்றால், அது தற்காலிகக் கண்காட்சிக்கானதா என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 10 முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். திங்கள் விடுமுறை. லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும் செவ்வாய்க்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். வாசலில் பை சோதனை உண்டு. பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே விடுதியைக் காலி செய்துவிட்டு நேராக இங்கே வர வேண்டாம்.

கே: லா ஷாப்பெல்லில் இருந்து எப்படிப் போவது? எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? – வாசகர், லா கூர்நெவ்

ப: தாராளமாகப் போகலாம். வடக்குப் பாரிசின் லா ஷாப்பெல்லில் இருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கே மெட்ரோ 5-ஆம் தடத்தில் ஏறி பாஸ்டிலில் இறங்குங்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் கைப்பற்றிய பழைய பாஸ்டில் சிறைக்கோட்டையின் அடித்தளக் கற்கள் கொஞ்சம் அந்த நிலையத்தின் 5-ஆம் தட நடைமேடையில் இருக்கின்றன. மகனுக்குக் காட்டிவிட்டு 1-ஆம் தடத்துக்கு மாறுங்கள். அடுத்த நிலையமான சேன்-போலில் இறங்கி செவீன்யே தெருவுக்குள் நடந்தால் 23-ஆம் எண் கட்டடம். ஐந்தாறு நிமிட நடை.

2021-இல் புதுப்பித்துத் திறந்தபோது, காட்சிப் பொருள்களில் சுமார் பத்தில் ஒரு பங்கைச் சிறுவர் கண்ணுயரத்தில் வைத்தார்கள். அவற்றை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நூற்றாண்டுகளை ரோமன் எண்களில் எழுதாமல் 18, 19 என்று சாதாரண எண்களில் எழுதியிருப்பதால் அவனாலேயே வாசிக்க முடியும். பாஸ்டிலை இடித்த ஒப்பந்தக்காரர் பலுவா, அந்தக் கோட்டையின் கல்லிலேயே அதன் சிறு உருவங்களைச் செதுக்கி பிரான்சின் மாவட்டங்களுக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது. நடைமேடையில் கல்லைப் பார்த்த பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கும்.

கே: படங்களில் பார்த்தால் பொன்முலாம் பூசிய அறைகளாகவே இருக்கின்றன. சாதாரண மக்களின் வாழ்க்கை எங்கே? – வாசகர், மதுரை

ப: நியாயமான கேள்வி. அந்த மரப்பலகை அறைகள் செல்வந்தர் வீடுகளிலிருந்து வந்தவை. மாளிகைகள் இடிபட்டபோது சுவரோடு பெயர்த்துக் காப்பாற்றியவை. பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டுக்கொண்டிருந்த பாரிஸ் ஆட்சியர் ஓஸ்மானின் நிர்வாகமே 1866-இல் இந்த மாளிகையை நகர வரலாற்றுக்காக வாங்கியது. 1880-இல் அருங்காட்சியகம் திறந்தது.

சாதாரண மக்களைப் பார்க்க நேராகக் கடைப்பலகைகளின் கூடத்துக்குப் போங்கள். எங்கள் கணிப்பில் இந்த அருங்காட்சியகத்தின் உயிர் அங்கேதான். எழுத்தறிவு குறைவு, வீட்டு எண்ணும் கிடையாது என்ற காலத்தில் கடையைக் காட்டியது பலகையில் தொங்கிய உருவம்தான்: பூட்டுக்காரருக்கு ஒரு பெரிய சாவி, இன்னொருவருக்கு ஒரு மிருகம். போட்டிபோட்டுப் பெரிதாக்கித் தெருவுக்குள் நீட்டினார்கள். காற்றில் விழுந்தன, விளக்கொளியை மறைத்தன. 1761-இல் காவல் தலைவர் சார்த்தீன், பலகைகளைச் சுவரோடு ஒட்டிப் பதிக்க உத்தரவிட்டார். கூடத்தில் கவனியுங்கள்: கம்பியில் தொங்க இருபுறமும் செய்தவை ஒரு வகை, சுவரில் பதிக்க ஒருபுறம் மட்டும் செய்தவை இன்னொரு வகை. ஓவியர் வில்லெத் வடித்த ‘ஷா நுவார்’ கறுப்புப் பூனையும் இங்கேதான். அது வெகு பின்னால், 19-ஆம் நூற்றாண்டின் மோன்மார்த்ர் கேளிக்கை விடுதியுடையது.

வீட்டு எண்கள் ஒழுங்குக்கு வந்தது 1805-இல். சேன் ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருவில் எண் ஆற்றுப் பக்கம் தொடங்கும்; ஆற்றோடு போகும் தெருவில் நீரோட்டத்தின் திசையில் கூடும். ஒற்றை எண் இடப்புறம், இரட்டை எண் வலப்புறம். ஆற்றுக்கு முதுகு காட்டி செவீன்யே தெருவில் நடந்தால் 23 இடப்பக்கம் வருவது இந்த விதிப்படிதான்.

அடுத்து, 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் ரக்னேயின் நகரக் காட்சிகள். பாலங்களின் மேல் வரிசையாக நிற்கும் வீடுகளைப் பாருங்கள். நோத்ர்-தாம் பாலத்து வீடுகள் 1786-இல் இடிக்கப்பட்டன. அவை எப்படி இருந்தன என்பதற்கு இந்த ஓவியங்களே பெரிய சாட்சி.

கே: எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்? – வாசகி, கோலாலம்பூர்

ப: சுமார் 3,800 பொருள்கள் காட்சியில் உள்ளன, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பாதியிலேயே களைத்துப் போவீர்கள். கடைப்பலகைகளுக்கு அரை மணி. பிறகு நிலவறை. மாடிப்படியைப் பார்த்ததும் மேலே ஏறிவிட்டால் இதைத் தவறவிட்டுவிடுவீர்கள். பாரிசின் பெர்சி பகுதியில் தோண்டியெடுத்த புதிய கற்காலத்து மரத் தோணியும் ரோமானியர் காலத்து நகரமும் அங்கே இருக்கின்றன. அதன்பின் மின்தூக்கியில் நேரே இரண்டாம் தளம், பிரெஞ்சுப் புரட்சி. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி வரலாம். ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா 1901-இல் வடிவமைத்த ஃபூக்கே நகைக்கடை மயில்களோடு முழுசாக நிற்கிறது. எழுத்தாளர் புரூஸ்டின் கட்டிலும் அறைச் சாமான்களும் உண்டு. பொன்முலாம் அறைகள் நேரம் மிஞ்சினால்.

இரண்டு மாளிகைகளைச் சேர்த்த கட்டடம் என்பதால் வழி குழம்பும். நுழையும்போதே வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துப் போகலாமா? – வாசகர், திருச்சி

ப: போகலாம், மின்தூக்கிகள் உண்டு. ஆனால் முழுச் சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒரு தளம் பார்த்ததும் முற்றத்திலோ தோட்டத்திலோ உட்கார வையுங்கள். முற்றத்தில் நிற்கும் மன்னர் பதினான்காம் லூயியின் வெண்கலச் சிலையைப் பாருங்கள்; புரட்சியின்போது உருக்கப்படாமல் தப்பிய அரச சிலைகள் மிகக் குறைவு.

கே: பழைய பாரிஸ் புகைப்படங்களைப் பார்க்கவே போக ஆசை. நிச்சயம் கிடைக்குமா? – வாசகர், புதுச்சேரி

ப: குறிப்பிட்ட படத்தை நம்பிப் போகாதீர்கள். வெளிச்சம் பட்டால் காகிதமும் சாயமும் மங்கும். அதனால் புகைப்படங்களையும் அச்சுப்படங்களையும் சில மாதம் காட்டிவிட்டு இருட்டறைக்கு எடுத்துவிடுவார்கள். ஆனால் மாநகர அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் 1,00,000-க்கும் மேற்பட்ட படங்களை 2020 ஜனவரியில் பொதுவுரிமையில் வெளியிட்டார்கள். தெருப்பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தட்டித் தேடுங்கள். பதிவிறக்கக் கட்டணம் இல்லை, அச்சிட்டுச் சுவரில் மாட்டவும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.