வர்ணம் ஆடும்போது பாதியில் மறந்துபோகிறதா?

"வயது 38. மூன்று மாதத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம். பதிவுசெய்த பாட்டுக்கு வர்ணம் (நிகழ்ச்சியின் நீண்ட, முக்கிய உருப்படி) தடங்கலின்றி வருகிறது. பக்கவாத்தியத்தோடு முதல் ஒத்திகையில் இரண்டாவது தீர்மானத்தில் (தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி) நின்றுவிட்டேன். ஞாபகசக்திக்கு மாத்திரை சாப்பிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

மாத்திரை வேண்டாம். அரை மணி நேர வர்ணத்தைப் பதிவுக்கு ஆடுகிறவருக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. பதிவில் ஒவ்வொரு சொல்லும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் விழும். அடுத்த அடவை, அதாவது அடுத்த ஆட்ட அசைவை, காது எடுத்துக்கொடுத்துவிடும். நேரில் ஜதி (தாளச் சொற்கள்) சொல்லும்போது காலப்பிரமாணம், அதாவது வேகம், சற்று ஏறும், இறங்கும். காது கைவிட்டுவிடும்.

நீங்கள் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். முதலில் வரும் திரிகாலத் தீர்மானம் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) திரும்புவதால் மறப்பதில்லை. அடுத்த இரண்டும் ஒரே அடவில் தொடங்கி நடுவில் பிரிந்தால் அங்கேதான் குழப்பம். இரண்டின் சொற்கட்டையும் (தாளச் சொல் வரிசையையும்) நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பிரிகிற சொல்லுக்கு வட்டம் போடுங்கள். உட்கார்ந்து கையில் ஆதி தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். வாய் தடுமாறினால் காலும் தடுமாறும். சொல் சரளமான பிறகு, வட்டத்துக்கு ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முன்னாலிருந்து ஆடுங்கள். தினமும் பல்லவியிலேயே தொடங்காதீர்கள். பின்பாதியில் வரும் சரண ஸ்வரத்திலிருந்தும் தொடங்கிப் பழகுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த முறை உதவாது. கடைசி நேரத்தில் ஆசிரியர் தீர்மானத்தின் முடிப்பை மாற்றினால், 'கிட தக தரி கிட தொம்' என்ற பழைய முடிப்பு உடம்பில் ஊறியிருக்கும். சொல்லிப் பார்ப்பதால் போகாது. புதிய முடிப்பை மட்டும் தனியாக ஆடினாலும் போதாது. பழையது தொடங்கும் அடவிலிருந்தே புதியதற்குள் போய்ப் பழக வேண்டும். அதற்கும் நேரமில்லையா, பழையதே இருக்கட்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தப்பில்லை.

இப்போதெல்லாம் மண்டபத் தேதி கிடைத்த பிறகுதான் வர்ணமே பாடமாகிறது. இந்த அவசரத்தில்தான் 'அரங்கேற்றப் பேக்கேஜ்' தரகர்கள் நுழைகிறார்கள். மேக்கப், மாலை, அழைப்பிதழ், வீடியோ எல்லாம் இருக்கும். ஒத்திகை மட்டும் ஒன்றே ஒன்று. அதற்கு வந்த மிருதங்கக்காரர் ஒருவர், மேடையில் உட்காருபவர் வேறொருவர்! முன்பணம் தருமுன், மேடைக்கு வருகிற அதே பாடகர், அதே மிருதங்கக்காரரோடு முழு வர்ணத்துக்கு இன்னும் இரண்டு ஒத்திகையாவது வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் மேக்கப்பையும் மாலையையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை ஒத்திகைக்குக் கொடுங்கள்.