சளியில் தெரிந்தது காசநோய்க் கிருமி இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல். சளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில் கிருமி தெரிகிறது. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையில் காசநோய் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ‘என்.டி.எம்., இனம் பார்க்கவும்’ என்று வந்திருக்கிறது. இனப் பெயர் அவ்வளவு முக்கியமா?

பதில்: மிக முக்கியம். ஸ்மியரில் சாயம் ஏற்றிப் பார்த்தால் காசநோய்க் கிருமியும் அதன் உறவுக் கிருமிகளான என்.டி.எம்.களும் (காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரியங்கள்) ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். என்.டி.எம்.கள் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. அவற்றில் பல இனங்கள் உண்டு; இனத்தைப் பொறுத்து அர்த்தமும் மருந்தும் மாறும். நுரையீரல் மாதிரிகளில் பல நாடுகளிலும் அதிகம் வருவது ஏவியம் தொகுதி என்ற நெருங்கிய இனங்களின் கூட்டம். அடுத்த இடங்கள் ஊருக்கு ஊர் மாறும். கார்டோனே என்ற இனம் வந்தால் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து கலந்ததுதான். கான்சாசி என்ற இனம் வந்தால் ஒருபோதும் அலட்சியம் கூடாது.

அப்செஸஸ் என்ற இனம்தான் பொல்லாதது. வழக்கமான காசநோய் மாத்திரைகள் அதனிடம் பலிக்காது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பலிக்குமா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனையில் 3-ஆம் நாள் மருந்துக்குப் பணிந்ததுபோல் காட்டிவிட்டு, பிறகு எதிர்ப்பைக் காட்டும் அப்செஸஸ் வகைகளும் உண்டு. அதனால் அந்தச் சோதனையை 14 நாள் வரை வைத்துப் பார்த்தார்களா என்று அவசியம் கேளுங்கள். ஏவியம் என்றால் பொதுவாக அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்புடால் மூன்று மருந்துகளும் சேர்த்து, கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் குறைந்தது 12 மாதம் சாப்பிட வேண்டும்.

ஒரே ஒரு சளி மாதிரியை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளிலாவது அதே இனம் வளர வேண்டும், சி.டி. ஸ்கேனும் அறிகுறிகளும் ஒத்துப்போக வேண்டும். அடுத்த முறை காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமியே கல்ச்சரில் வளர்ந்துவிடும்.