குழையச் சொன்னது யார்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார். ‘முதலில் அவரோடு ஒட்டிப் பழகுங்கள், வழிக்கு வருவார்’ என்கிறார்கள். சண்டைக்கு நடுவே குழைந்து பேசுவது போலித்தனம் இல்லையா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: போலித்தனம்தான். ஆனால் உங்களைக் குழையச் சொன்னது யார்?

1978 செப்டம்பரில், பகை நாடுகளான எகிப்தின் அதிபர் சதாத்தையும் இஸ்ரேலின் பிரதமர் பெகினையும் சமாதானம் பேச கேம்ப் டேவிட் ஓய்வில்லத்துக்கு அழைத்தார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். எதிரெதிரே உட்கார வைத்ததும் பேச்சு கூச்சலானது. அப்புறம் கடைசிவரை இருவரையும் பேரம் பேச ஒரே அறையில் விடவில்லை; இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்கும் தானே காகிதத்தோடு அலைந்தார். பதின்மூன்றாம் நாள், எல்லாம் கனிந்த நேரத்தில், ஜெருசலேம் பற்றி அமெரிக்கா தரவிருந்த ஒரு கடிதத்தால் பெகின் முறுக்கிக்கொண்டார். கையெழுத்தே கிடையாதாம்.

பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க, மூன்று தலைவர்களும் இருக்கும் படத்தில் கையெழுத்து கேட்டிருந்தார் பெகின். கார்ட்டரின் செயலாளர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து வாங்கிவைத்தார். (நல்ல யோசனை பெரும்பாலும் பக்கத்து அறையிலிருந்துதான் வருகிறது.) படத்துக்கு ஒரு பெயராக எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டரே கொண்டுபோய்க் கொடுத்தார். பெகின் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். உதடு நடுங்கியது, கண் கலங்கியது.

கதை சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது மிச்சக் கதை. கார்ட்டர் அந்தக் கடிதத்தையும் மாற்றி எழுதியிருந்தார். தன் நாட்டு நிலைப்பாட்டைக் கைவிடவில்லை; அதை விரித்துச் சொல்லி உறுத்தாமல், ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர்கள் ஏற்கெனவே பேசியதைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். பெகின் ஏற்றார். அன்றிரவே வெள்ளை மாளிகையில் கையெழுத்தானது. 1967 போரில் இஸ்ரேல் பிடித்திருந்த சினாய் தீபகற்பம் 1982இல் எகிப்துக்குத் திரும்பியது. பாலஸ்தீனரை அந்த மேசைக்குக் கூப்பிடவே இல்லை. அந்தப் பாக்கி இன்றும் நிற்கிறது, அது வேறு கதை.

எதிராளிக்கு எந்த வார்த்தை தொண்டையில் சிக்குகிறது என்று பார்த்து அதை மட்டும் எடுத்துவிட்டார் கார்ட்டர். இதில் குழைவு எங்கே?

இனி உங்கள் கடிதம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரின் பெயர் ஆறு இடத்தில் வருகிறது, நான் வெட்டிவிட்டேன். எதை எதிர்க்கிறார், ஏன் எதிர்க்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.