சத்தம் வருது, படம் வரலையா? டிவியைத் தூக்கிப் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். எங்கள் 32 இஞ்ச் எல்.இ.டி. டிவியில் ஒரு வாரமாகச் சத்தம் மட்டும் வருகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. ரிமோட்டில் சேனல் மாறுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "பேனல் போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். வாரண்டி முடிந்துவிட்டது. லோ வோல்டேஜால் இப்படி ஆகுமா? பையன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பதில்: பேனல், அதாவது படம் காட்டும் திரைக் கிளாஸ், போய்விட்டது என்ற முடிவுக்கு இப்போதே வராதீர்கள். சத்தம் ஒழுங்காக வருகிறது, சேனலும் மாறுகிறது என்றால் மதர்போர்டு பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். இப்படி வரும் டிவிகளில் அதிகம் பார்ப்பது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கின் கோளாறுதான். அதற்கு ஆகும் செலவு புது டிவி விலையில் சிறு பங்குதான். நல்ல டிவியைப் பேனல் போச்சு என்று சொல்லிப் பழைய சாமான்காரரிடம் போட வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியை ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். மெனு எழுத்தோ ஆள் உருவமோ மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னாலிருக்கும் விளக்குதான் எரியவில்லை. டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியாவிட்டால் கோளாறு பேனலிலோ, அதை ஓட்டும் போர்டிலோ இருக்கலாம். அப்போது மெக்கானிக் சொன்னதை யோசிக்க வேண்டியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆன் செய்த நொடியில் திரை ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், பேக்லைட்தான். சில மாடல்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தப் படத்தை மட்டும் அணைக்கும் வசதி செட்டிங்கில் இருக்கும். தவறுதலாக அது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பேனல் தானாக ஒளிராது. அதன் பின்னால் தகரத் தட்டில் வரிசையாக ஒட்டிய ஸ்ட்ரிப்களில் சின்னச் சின்ன எல்.இ.டி.கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். 32 இஞ்ச் டிவிகளில் பெரும்பாலும் இவை எல்லாமே சீரீஸில்தான் இணைந்திருக்கும். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடுமே, அதே கதைதான். பத்துப் பன்னிரண்டில் ஒன்று போனாலும் திரை முழுக்க இருட்டு. லோடு இல்லை என்று தெரிந்ததும், எல்.இ.டி.களுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பகுதி வோல்டேஜை ஏற்றிப் பார்த்துவிட்டு, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

லோ வோல்டேஜ் மேல் பழி போட வேண்டாம். இன்றைய டிவிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பின்பக்க லேபிளிலேயே போட்டிருக்கும். எல்.இ.டி.யைத் தின்பது சூடு. பல டிவிகள் பேக்லைட் முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்டுத்தான் கடையிலிருந்து வருகின்றன, நாமும் மாற்றுவதில்லை. மலையில் இடி மின்னலுக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அது வழக்கமாகப் பவர் போர்டையோ, டிஷ் கேபிள் வழியாக வந்து மதர்போர்டையோதான் அடிக்கும். மேகம் கருக்கும்போது பிளக்கோடு சேர்த்து டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

இனி, வீட்டில் செய்யலாமா என்பது. டிப்ளமோ படிக்கும் பையன், கூடப் பழகிய கை ஒன்று, இருவரும் இருந்தால் செய்யலாம். தனியாக வேண்டாம். பயப்பட வேண்டியவை இரண்டு.

ஒன்று, பவர் போர்டில் உருளையாக நிற்கும் பெரிய கண்டன்சர். 400 அல்லது 450 வோல்ட் என்று அதன் மேல் எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லப் போதுமானது. கால் மணி நேரம் காத்திருங்கள், பிறகும் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அளந்து பார்த்துவிட்டே கையை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து காட்டுவதைப் பையன் கற்றுக்கொள்ளவே கூடாது. வோல்ட் மீதம் இருந்தால் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயரைக் கண்டன்சரின் இரண்டு கால்களில் தொட வைத்து இறக்கலாம். கரண்ட் ஓடும்போது அளக்கும் வேலை எதுவும் பையனுக்கு இப்போது வேண்டாம்.

இரண்டு, கிளாஸ், அதாவது பேனல். ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டுமானால் கிளாஸைத் தூக்கியாக வேண்டும். கட்டிலில் மெத்தை விரித்து, மேலே சுத்தமான துணி போட்டுக்கொள்ளுங்கள். கிளாஸின் ஒரு விளிம்பில் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய ரிப்பன்கள் தொங்கும். அந்தப் பக்கத்தைப் பிடிக்கவே கூடாது. ஒரு ரிப்பன் கிழிந்தாலோ மடிந்தாலோ திரையில் நிரந்தரமாகக் கோடு விழும், அப்போது மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டு பேர், இரண்டு பக்கமும், வளையாமல் தூக்க வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளை ஷீட்களை எடுக்கும் வரிசையிலேயே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

போன எல்.இ.டி. சில நேரம் கண்ணுக்கே தெரியும்: மஞ்சள் சதுரத்தின் நடுவே கரும்புள்ளி இருக்கும். தெரியாவிட்டால், ஸ்ட்ரிப்பைத் தனியாக எரிய வைத்துப் பார்க்கும் பேக்லைட் டெஸ்டர் வேண்டும். மல்டிமீட்டரின் டயோடு நிலையில் 3 வோல்ட் எல்.இ.டி. லேசாக மினுங்கும். 6 வோல்ட் வகை எரியவே எரியாது, அதனால் அதைக் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

ஒன்று போயிருந்தாலும் ஸ்ட்ரிப் செட்டையே மாற்றுங்கள். மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான். ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும், அடுத்தது போகும்போது மறுபடி கிளாஸைத் தூக்க வேண்டிவரும். போன இடத்தில் ஒயர் போட்டு இணைப்பதும் அப்படித்தான், நாள் நிற்காது. ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட நம்பர், நீளம், எத்தனை எல்.இ.டி., 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, பின்னால் ஒட்டிய பேனல் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு சேலத்தில் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். 32 இஞ்சுக்குச் செட் சில நூறு ரூபாயில் கிடைக்கும். பழைய ஸ்ட்ரிப்பையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது இன்னும் நல்லது. புதிதை ஒட்டும்போது தகரத்தோடு முழுக்க ஒட்ட வேண்டும், இடைவெளி விட்டால் சூடு இறங்காது.

வேண்டாம் என்று தோன்றினால் சேலத்துக்கே கொண்டு வந்துவிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் பாதை அது. டிவியைப் படுக்க வைத்தால் குலுங்கலில் கிளாஸ் விரியும். அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி, காரின் பின்சீட்டில் திரைப்பக்கம் மெத்தைமேல் சாய்ந்திருக்கும்படி பெல்ட் போடுங்கள். பைக் வேண்டவே வேண்டாம். கடையில் கொடுக்கும்போது டார்ச்சில் படம் தெரிவதைக் கடைக்காரர் கண் முன்னே காட்டிவிடுங்கள். ஸ்ட்ரிப் மாற்றும்போது பேக்லைட் கரண்டைக் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் டிரைவரில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிக் குறைத்துத் தருவார்.

சரியானதும் செட்டிங்கில் பிக்சர் மோடை விவிட்டிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, பேக்லைட்டை 50, 60க்கு இறக்கி வையுங்கள். பிரைட்னஸ் வேறு, பேக்லைட் வேறு. குறைக்க வேண்டியது பேக்லைட்டை.