மன்னர் முட்டை சாப்பிடும் கில்ரேயின் படத்தில் கேலி எங்கே இருக்கிறது?

பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவித்த முட்டையும் அரசி சார்லட் பச்சைக் கீரையும் உண்பதாக கேலிச்சித்திரக் கலைஞர் ஜேம்ஸ் கில்ரே 1792 ஜூலையில் வெளியிட்ட படம், முதல் பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் காட்சியாகத்தான் தெரியும். கேலி முழுவதும் சுற்றியுள்ள பொருள்களில் இருக்கிறது. மன்னரின் கால்சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கிறது. தேய்ந்துவிடாதிருக்க நாற்காலிக்கு உறை மாட்டியிருக்கிறது. கணப்பில் நெருப்புக்குப் பதிலாகச் செடிகள் நிற்கின்றன. குடிப்பதற்கு இருப்பது தண்ணீர். சுவரில் தொங்கும் சட்டம் ஒன்றில் ஈகையின் வெற்றி என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது, ஓவியம் இல்லை. என் பார்வையில் படத்தின் கூர்மையான குத்து அதுதான்.

சிக்கனம் குற்றமா என்று கேட்கலாம். செல்வம் நிறைந்த அரண்மனையில் ஏழ்மைக் கோலம் பூணுவதையே, அதாவது சிக்கனமாகத் தோன்றும் கருமித்தனத்தையே, கில்ரே குறிவைக்கிறார். அதே மாதம் அவர் வெளியிட்ட மற்றொரு படத்தில் பட்டத்து இளவரசர் வயிறு புடைக்க உண்டு, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்க, கட்டப்படாத கடன் சீட்டுகள் அருகே கிடக்கின்றன. அந்த இளவரசரின் கடன்களை அடைக்க நாடாளுமன்றம் 1787-இலேயே பணம் ஒதுக்கியிருந்ததால், தந்தை மகன் இருவரின் சாப்பாட்டு மேசையும் மக்களின் வரிப்பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாகவே இருந்தது.